ஒழுகினால்தான் இஞ்சினா?

"டீசல் இஞ்சின்னா ஆயில் ஒழுகத்தான் சார் செய்யும். ஒழுகலைன்னா உள்ளே ஆயில் இல்லைன்னு அர்த்தம்." செய்யூரில் ஒரு பட்டறை வாசலில் போன வாரம் எனக்குக் கிடைத்த உபதேசம் இது. அப்போதுதான் கிராங்க் சீல் மாற்றிய பம்ப்செட் இஞ்சின், ஃப்ளைவீல் பக்கம் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டால் சீல் டூப்ளிகேட்டாம், காலம் கெட்டுப்போச்சாம். போட்ட கை மட்டும் சொக்கத் தங்கம்.

எங்கள் தெருக்கோடிப் பெரியவரின் வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு கிழட்டு ஒற்றை சிலிண்டர் இஞ்சின் ஓடுகிறது. மணல், உப்புக்காற்று, பாதி பிய்ந்த கொட்டகை. அடியில் வெள்ளை வேட்டி விரிக்கலாம். சீல் வாங்கியது பட்டறைக்காரர் வாங்கிய அதே கடையில்தான்.

பழைய சீலைப் பிடுங்கியதும் அவர் கிராங்க் தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் மாட்டினால், பழைய சீலின் லிப் அங்கே பள்ளம் அறுத்திருக்கிறது. அதே பள்ளத்தில் எந்தச் சீமைச் சீல் உட்கார்ந்தாலும் ஒழுகும். இடமிருந்தால் ஒரு மயிரிழை தள்ளி உட்காரவைப்பார், இல்லையென்றால் தண்டுக்கு ஸ்லீவ். சாவிக்காடியின் விளிம்பு ரப்பரைக் கீறாதிருக்க டேப் சுற்றுவார். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்திருக்கும், லிப்பில் ஆயில் தடவியிருக்கும். (டெஃப்லான் லிப் என்றால் உலர்வாகத்தான் போடவேண்டும். இதைச் சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.) பிறகு சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்துகிற பைப் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாக இறக்குவார். பட்டறையிலோ ஸ்க்ரூ டிரைவரை ஒரு ஓரத்தில் வைத்து ஒரே போடு. சீல் கோணிக்கொண்டால் மேலே பேஸ்ட்டை அப்பு. உள்ளே பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்து ஆயில் சல்லடையை அடைத்தால், அதற்குத் தனி பில்.

காற்றை வெளியேற்றும் ப்ரீதர் அடைத்தால் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் மீறி ஆயில் வெளியே வரும். சீல் மேல் சீலாக மாற்றுகிற மேதைகளில் ப்ரீதரைக் கழற்றிப் பார்த்தவர் யார்? பெரியவர் பார்ப்பார். அவர் ஐ.டி.ஐ. வாசலைக்கூட மிதித்ததில்லை.

'இஞ்சின்னா ஒழுகும்' என்ற நம்பிக்கையை வளர்த்ததில் அம்பாசிடர் காருக்கும் பங்குண்டு. அந்த 1489 சிசி பிரிட்டிஷ் இஞ்சினில் கிராங்க்கின் பின்முனைக்கு ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய மரைக்காடிதான் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். அது சொட்டியதில் நியாயம் இருந்தது. அந்தக் காரின் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. அதன் சாக்கை மட்டும் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எதையும் 'அது அப்படித்தான்' என்று விட்டுவிடுவது இங்கே ஊர்ப்பழக்கம். 4000 மெகாவாட் அனல்மின் நிலையம் வருகிறது, வருகிறது என்று வருஷக்கணக்கில் கேட்ட ஊர் இது, வரவில்லை. சாயங்காலம் மோட்டார் போட்டால் வோல்டேஜ் வராது, அதுவும் அப்படித்தானாம். டீசல் இஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுவதே அதனால்தான். அதிலும் சொட்டுகிற ஆயிலைத் தகர டப்பாவில் பிடித்து, மறுபடி உள்ளே ஊற்றச் சொல்கிறார்கள், மணலோடு சேர்த்து!

சீல் விலை சொற்பம், கூலிதான் பல மடங்கு. அந்தக் கூலியை ஒழுகும்போதெல்லாம் புதிதாக வாங்குகிறார்கள். போட்டாலும் ஒழுகத்தான் செய்யும் என்று முதலிலேயே தெரிந்தவருக்கு, முதல் கூலி மட்டும் எதற்காம்?