கால்வாய்க்கு முன் கண்மாய்க்கு ஓர் ஏடு

காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 21 அன்று விராலிமலை அருகே உள்ள குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு ரூ.14,400 கோடி. கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையில் தொடங்கும் கால்வாய், ஏறத்தாழ 262 கி.மீ. கடந்து விருதுநகர் மாவட்டத்தில் குண்டாற்றைச் சேர வேண்டும். முதல் கட்டம் தெற்கு வெள்ளாறு வரை, அடுத்தது வைகை வரை, மூன்றாவது கட்டமாகக் கடைசி 34 கி.மீ. குண்டாறு வரை. முதல் கட்டப் பணிகளே நீண்டுகொண்டிருக்க, கர்நாடக அரசு உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் இருக்கிறது. கடைசியில் இருக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரி விவசாயிகள் “எப்போது வரும்?” என்று கேட்பது இயல்பு. அதைவிட அவசரமான இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே இருக்கிறது: குண்டாற்றுக்கு வந்த நீர் எந்த வரத்துக்கால் வழியாக எந்தக் கண்மாய்க்குப் போக வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்?

இந்த வட்டாரத்தில் கண்மாய் எதுவும் தனித்து இருப்பதில்லை. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர். கலுங்கை ஒரு சாண் உயர்த்தினால் கண்மாய் ஓரத்துப் புஞ்சை மூழ்கும், கீழூருக்கு நீர் தாமதமாகும். தாழ்த்தினால் சொந்த ஆயக்கட்டே வாடும். இந்தச் சங்கிலியை நிர்வாகம் இரண்டாக வெட்டி வைத்திருக்கிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். நீர் ஒரே ஓட்டம், கோப்புகள் இரண்டு அலுவலகங்களில்.

கோப்புகளிலும் எல்லாம் இல்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1883-இல் ஆங்கிலேய அரசு தொடங்கிய கண்மாய்ச் சீரமைப்புத் திட்டத்தில் ஒவ்வொரு கண்மாய்க்கும் மடையின் அளவு, கரை மட்டம், கலுங்கின் உயரம் ஆகியவற்றைக் குறித்த ஆவணம் தயாரானது. ஆனால் அது ரயத்துவாரிப் பகுதிகளுக்கே. அருப்புக்கோட்டை, திருச்சுழியின் பெரும்பகுதி ராமநாதபுரம் ஜமீனுக்குள் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே இக்கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. எழுத்து தாமதமாக வந்த இடத்தில் அறிவு மனிதர்களிடம் இருந்தது.

மடை திறப்பவரை நீர்ப்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பர் என்றும் அழைப்பார்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர், பற்றாக்குறை ஆண்டில் முதலில் எதை நிறுத்துவது, வெள்ளம் வந்தால் கரையில் எந்த இடம் கசியும் என்பதெல்லாம் அவர் அறிந்தவை. கூலி, அறுவடையில் ஒரு பங்கு நெல். நஞ்சை குறைந்து நெல் குறைந்தபோது அந்தக் கூலியும் குறைந்தது. மகன் திருப்பூருக்கோ சிவகாசிக்கோ போனான். தந்தையோடு அறிவும் முடிகிறது. மறுபுறம், ஓரளவு கண்மாயைப் புரிந்துகொண்ட பொறியாளர் இடமாறுதலில் போய்விடுகிறார். புதியவர் மறுபடியும் அளக்கத் தொடங்குகிறார்.

மேலாண்மைத் துறையில் இதை ‘நிறுவன அறிவு இழப்பு’ என்பார்கள். பெரிய தனியார் நிறுவனங்கள் இதைத் தடுக்கப் பணம் செலவழிக்கின்றன. கோடிகளில் திட்டம் போடும் அரசு, மடை திறப்பவரிடம் அரைநாள் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஓர் ஆளை நியமிக்கவில்லை.

2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அச்சட்டத்தின் சங்கத்தில் வாக்குரிமை ஆயக்கட்டு நில உடைமையாளருக்கு. பெரும்பாலும் நிலமற்ற பட்டியல் சாதியினரான நீர்ப்பாய்ச்சிகளுக்கு அதில் இடமில்லை. அதிகம் அறிந்தவர் வாக்கற்றவராக இருக்கும் அமைப்பு எப்படி நல்ல முடிவெடுக்கும்? 2017 மார்ச்சில் மணிமங்கலத்தில் ரூ.100 கோடியில் தொடங்கிய குடிமராமத்துத் திட்டமும் இந்தச் சங்கங்களையே நம்பியது. விவசாயிகள் செலவில் 10 சதவீதத்தை உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பல இடங்களில் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலை செய்கிறார் என்ற புகார்கள் எழுந்தன. அப்படி நடக்கும் இடத்தில் மண் அள்ளப்படும், கரை உயரும். எவ்வளவு ஆழம், எந்த மடைக்கு முன் என்ற கேள்விக்கு இடமிருக்காது.

‘பயனாளி’ என்ற ஒற்றைச் சொல்லால் இங்கு யாரையும் விளக்க முடியாது. ஆயக்கட்டுக்காரர் நீரைத் திறக்கச் சொல்வார். மீன்பாசிக் குத்தகைதாரர் தேக்கச் சொல்வார். உள்வாயில் விதைத்தவருக்குக் கண்மாய் சீக்கிரம் வற்ற வேண்டும். கரம்பை மண் வேண்டும் கரிசல்காட்டுக்காரருக்கு. சீமைக் கருவேலத்தை அழிக்க வேண்டும் என்கிறார்கள் விவசாயிகள். அதே மரத்தை வெட்டி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இந்த ஊர்களில்தான் உள்ளன. ஆடு மேய்ப்பவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இத்தனை பேரும் நேர்மையானவர்களே, ஆனால் ஒருவரின் நலன் மற்றவரின் இழப்பு. இதை மறைத்து ஒரே ‘மக்கள் பங்கேற்பு’க் கூட்டத்தில் கையெழுத்து வாங்கினால், மோதல் பணி முடிந்தபின் கரையில் வெடிக்கும்.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2007-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய நீர்வள மேலாண்மைத் திட்டம் பொதுப்பணி, வேளாண்மை, மீன்வளம், கால்நடை முதலிய துறைகளை உபவடிநில அளவில் ஒன்றாக வேலை செய்ய வைத்தது. குண்டாற்றுக்கும் அதே முறையில், கால்வாய் எட்டுவதற்கு முன்பே, கண்மாய்ச் சங்கிலி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏடு எழுதப்பட வேண்டும். வரத்துக்காலின் வழி, ஆக்கிரமிப்பு, கலுங்கின் பழைய மட்டம், நீர்முறை, யார் யாருக்கு என்ன நலன் என்பவை அதில் இருக்கட்டும். எழுதுவதற்கு நீர்ப்பாய்ச்சிக்கு மதிப்பூதியம் தரலாம், சங்கத்தில் வாக்கும் தரலாம். படி ஒன்று ஊராட்சியில், ஒன்று துறையில். இடமாறுதலாகிப் போகும் பொறியாளர், வருபவரிடம் அந்த ஏட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் பெற்ற பின்பே பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். கடைசி 34 கி.மீ.க்கு வேலை தொடங்கும் நாள் எதுவானாலும், இதைத் தொடங்க எந்த நீதிமன்றத் தீர்ப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லை. மடையின் மர்மம் அறிந்தவர்களில் பலருக்கு இப்போதே எழுபதைக் கடந்துவிட்டது.