உங்காளுக்கு குண்டாஸ், எங்காளுக்கு கருத்துச் சுதந்திரமா?

அபிராமபுரத்துல எங்க தெருவுல காலையில நடந்தா போதும், அரசியல் காதுல வந்து விழும். மாடி வீட்டு மாமா போன்ல ஒரு யூட்யூப் விமர்சகர் ஆட்சியைத் திட்டிக்கிட்டு இருப்பார். நாலு வீடு தள்ளி இஸ்திரி வண்டியில இன்னொரு விமர்சகர் அதே ஆட்சிக்கு முட்டுக் கொடுப்பார். மாமாவுக்கும் இஸ்திரி அண்ணனுக்கும் எதுலயும் ஒத்துப்போகாது, ஒண்ணே ஒண்ணைத் தவிர. எதிர்ப்பக்க விமர்சகரைப் போலீஸ் தூக்கிட்டா ரெண்டு பேருக்குமே அன்னிக்கு தீபாவளி.

சிரிக்காதீங்க மக்களே. பதிவர்கள் நாம மட்டும் என்ன வாழுதாம்?

ஜூலை 2020, அதிமுக ஆட்சி. கந்த சஷ்டி கவசம் பத்தின வீடியோவுக்காக கறுப்பர் கூட்டம் சேனல்காரங்க கைது. 'நல்லா வேணும்'னு ஒரு கூட்டம் கை தட்டுச்சு. டிசம்பர் 2021, திமுக ஆட்சி. பிபின் ராவத் ஹெலிகாப்டர் விபத்துல இறந்த சமயத்துல போட்ட ட்வீட்டுக்காக மாரிதாஸ் கைது. சில நாள்லயே ஐகோர்ட் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து பண்ணிடுச்சு. இந்தத் தடவை கை தட்டினது எதிர்க் கோஷ்டி. 2020-ல் கருத்துச் சுதந்திரம்னு பக்கம் பக்கமா எழுதின பல பேருக்கு அன்னிக்குப் பார்த்து கீபோர்டு ரிப்பேர்!

மே 2024, சவுக்கு சங்கர். ரெட்பிக்ஸ் பேட்டியில பெண் போலீஸாரைப் பத்தி அவர் பேசினது அசிங்கம். அதுக்கு வழக்கு போட்டது சரி. பேட்டி எடுத்த ஃபெலிக்ஸ் ஜெரால்டும் கைதானார். சங்கர் மேல வேற வழக்குகளும் வரிசையா வந்துச்சு. எல்லாத்தையும் கோர்ட்டுல நிரூபிங்க, தண்டனை வாங்கிக் கொடுங்க, யார் வேண்டாம்னது?

ஆனா குண்டாஸ் எதுக்குங்க? கள்ளச்சாராயக்காரங்க, ரவுடிகளுக்காக 1982-ல் வந்த சட்டம் அது. 2004-ல் திருட்டு விசிடியையும் 2014-ல் சைபர் குற்றத்தையும் சேர்த்தாங்க. விசாரணையே இல்லாம ஒரு வருஷம் வரை உள்ள வைக்கலாம். ஆகஸ்ட் 9-ல் ஐகோர்ட் அந்தக் காவலை ரத்து செஞ்சது. மூணே நாள்ல, ஆகஸ்ட் 12-ல், மறுபடி குண்டாஸ். செப்டம்பர் 25-ல், வாபஸ் வாங்கிட்டோம்னு அரசே சுப்ரீம் கோர்ட்டுல சொல்லிடுச்சு.

சரி, இந்த குண்டாஸால அந்தப் பெண் போலீஸாருக்கு என்ன கிடைச்சுது? பேசினது தப்புன்னு ஒரு தீர்ப்பு வாங்கிக் கொடுத்திருந்தா அது அவங்களுக்கு மரியாதை. குண்டாஸ் எதையும் நிரூபிக்கல. பேசினவருக்கு தியாகி பட்டம் கிடைச்சதுதான் மிச்சம்.

சாட்டை துரைமுருகன் ஜாமீன் வழக்குல, 2024 ஏப்ரல் 8 அன்னிக்கு, சுப்ரீம் கோர்ட் கேட்டதோட சாரம் இதுதான்: தேர்தலுக்கு முன்னாடி யூட்யூப்ல குற்றம் சொல்ற எல்லாரையும் உள்ள தள்ள ஆரம்பிச்சா, எத்தனை பேரைத் தள்ளுவீங்க?

அந்தக் கேள்வி நமக்கும்தான். ஆட்சி மாறும், அலமாரிக்குள்ள இருக்கிற சட்டம் அங்கேயேதான் இருக்கும். இன்னிக்கு உங்களுக்குப் பிடிக்காதவர் மேல பாயுறது, நாளைக்கு உங்காளு மேல பாயும். உங்களுக்குச் சுத்தமா பிடிக்காத ஒருத்தருக்காக ஒரே ஒரு பதிவு போட்டுக் காட்டுங்க. அப்புறம் கருத்துச் சுதந்திரம் பத்திப் பேசலாம்.

டிஸ்கி: 'நீ சவுக்கு ரசிகனா?'ன்னு பின்னூட்டத்துல கேக்கப் போறவங்க தயவுசெஞ்சு நாலாவது பத்தியை இன்னொரு தடவை படிச்சிடுங்க. அப்புறமா ஆட்டோ அனுப்பலாம்.