சபை கண்ணுக்குத் தெரிய வேண்டும்

சபை என்பது கண்ணுக்குத் தெரியாத விசுவாசிகளின் ஐக்கியம்; யார் எங்கே அமர்கிறார் என்பது ஊர் வழக்கம் மட்டுமே என்ற வாதத்தை ஏற்க முடியாது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு விட்டார்கள். அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் கண்டித்தார். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவரும் 1910இல் இடிக்கப்படும்வரை வழக்கமாகத்தான் இருந்தது. இடித்தால் ஆட்கள் விலகுவார்கள் என்ற அச்சம் பொய்யல்ல, விலகவும் செய்தார்கள். ஆனால் அவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது.

உள்ளத்து ஒற்றுமையே போதுமென்றால், 1919 தரங்கம்பாடி அறிக்கை தொடங்கி 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும்வரை சபைகளை இணைக்கச் சபைத் தலைவர்கள் ஏன் உழைத்தார்கள்? போளூர், ஆரணிப் பக்கத்துச் சபைகளும் அந்த உழைப்பின் வாரிசுகளே. ஆகவே அந்தச் சுவரைப்போல எங்கெல்லாம் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறதோ, அங்கெல்லாம் சபைக் கமிட்டிகள் இந்த ஆண்டே அதைப் பொதுவாக்கட்டும்.