ஓடாத காருக்கும் ஓடுற காருக்கும் ஒரே காசா?

ஓடாத காருக்கு ஓடுகிற காரின் காசை வாங்குவது அநியாயம். அதையே சாக்காக வைத்து இன்சூரன்ஸைக் கட்டாமல் விட்டுவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம். இந்தப் பதிவில் ரெண்டு தரப்பையும் திட்டப் போகிறேன். முதலில் கம்பெனிக்காரர்கள், அப்புறம் நம்மாட்கள் :-)

அந்தமானில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வருஷா வருஷம் வரும் பிரச்சினை. கோடை லீவு விட்டதும் ஹாடோவில் கப்பல் ஏறினால் சென்னை போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று நாள். அவ்வளவு தூரம் போய்விட்டு ஒரே வாரத்தில் யார் திரும்புவார்கள்? காதுகுத்து, கல்யாணம், குலதெய்வம், மாமியார் வீடு என்று இரண்டு மாதம் சுலபமாகப் போய்விடும். கார் மட்டும் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) காம்பவுண்டுக்குள் கவர் போட்டு நிற்கும். ஈஎம்ஐ ஓடும், இன்சூரன்ஸ் ஓடும், கார் மட்டும் ஓடாது.

கணக்கைப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணம், 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு வருஷத்துக்கு 3,416 ரூபாய். 1500 சிசிக்கு மேல் போனால் 7,897. இதோடு சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் சேரும். மொத்தம் 15,000 கட்டுகிறவர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு 2,500 ரூபாய். வீட்டில் நாலு பேர் ஊருக்குப் போய்வரும் செலவில் இது சின்னக் காசு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு, "பொது இடத்தில்" வண்டியைப் பயன்படுத்தத்தான் இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறது. வரியிலும் இதே நியாயத்தைச் சுப்ரீம் கோர்ட் ஏற்றிருக்கிறது. விசாகப்பட்டினம் இரும்பு ஆலையின் மதில் சூழ்ந்த யார்டுக்குள் மட்டுமே ஓடிய 36 வண்டிகளுக்கு ஆந்திர அரசு வரி வாங்கியது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2025 ஆகஸ்ட் 29-ல் சுப்ரீம் கோர்ட், பொது இடத்தில் ஓடாத வண்டிக்கு அந்தக் காலத்துக்கு வரி இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. திருப்பித் தர வேண்டிய தொகை 22,71,700 ரூபாய். கேரளத்தில் பஸ் முதலாளி "ஜி படிவம்" கொடுத்து, வண்டி ஓடாத காலத்துக்கு வரிவிலக்குக் கேட்கலாம். சொந்தக் கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு? பெரும்பாலான மாநிலங்களில் வாங்கும்போதே ஆயுள் வரி என்று மொத்தமாகக் கறந்துவிடுகிறார்கள். அப்புறம் நின்றால் என்ன, ஓடினால் என்ன!

இன்சூரன்ஸில் வழி இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சலே. 2002-ல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃபில் ஐஎம்டி 11 என்று ஒரு சேர்க்கை விதி உண்டு. வண்டியைக் கராஜில் நிறுத்திவைக்கும் காலத்தை முன்கூட்டியே அறிவித்தால், அந்த நாட்களுக்குக் கம்பெனியின் மற்றப் பொறுப்புகளை நிறுத்திவைக்கலாம். ஆனால் தீ, திருட்டு, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கான பாதுகாப்பு அப்படியே இருக்கும். பதிலுக்கு அடுத்த பிரீமியத்தில் ஒரு தொகையைக் கழிப்பார்கள், அல்லது பாலிசி முடியும் தேதியைத் தள்ளிவைப்பார்கள். இதைவிட நியாயமான ஏற்பாடு என்ன வேண்டும்?

ஆனால் உங்களிடம் பாலிசி விற்ற ஏஜென்ட் இதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாரா? ஜீரோ டெப்ரிசியேஷன் சொல்வார், சாவி தொலைந்தால் காசு என்பார், இன்ஜின் பாதுகாப்பு என்பார். எல்லாம் நாம் கூடுதலாகக் கட்டவேண்டியவை. நமக்குத் திரும்ப வரும் விதி மட்டும் பாலிசியின் பொடி எழுத்தில் தூங்கும். நான் ஒரு கம்பெனியில் கேட்டபோது, "அப்படி ஒண்ணு கிடையாதே சார்" என்றார்கள்.

இப்போது நம்மாட்கள். "வண்டி நிக்கத்தானே போகுது, வந்து கட்டிக்கலாம்" என்று பாலிசியைக் காலாவதியாக விடும் புத்திசாலிகள் நம்மில் நிறைய. 90 நாளைத் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது 50 சதவீதம் வரை சேரக்கூடியது. மிச்சம் பிடித்த காசு அதிலேயே கரைந்துவிடும். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த தீவு இது. நிலநடுக்கமும் புயலும் நம் லீவைக் கேட்டுக்கொண்டு வராது. பாதுகாப்பே இல்லாமல் வண்டியை இங்கே விட்டுப்போவது சிக்கனமா?

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. உப்புக் காற்றில் பேட்டரி இறங்கிவிடும் என்று சாவியைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். "வாரத்துக்கு ஒரு ரவுண்டு அடிச்சிடுப்பா." அந்த ரவுண்டில் ஒருவர் மேல் மோதினால்? இன்சூரன்ஸ் இல்லை. தீர்ப்பாயம் லட்சக்கணக்கில் நஷ்டஈடு போட்டால், உரிமையாளர் என்ற முறையில் நம் தலையில் விழும். நம்மிடம் அவ்வளவு காசு இல்லை என்றால் அடிபட்டவர் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். நாம் மிச்சம் பிடித்தது 2,500. அவர்கள் இழந்தது சம்பாதிக்கிற கையை. இந்தக் கணக்கை யாராவது மனசாட்சியோடு நியாயப்படுத்துங்கள் பார்ப்போம்.

அரசும் இதற்கு ஒரு வகையில் உடந்தை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்கிறது 196-வது பிரிவு. ஜெயிலுக்கு யார் போகிறார்கள் என்ற தைரியத்தில் இருப்பவர் கண்ணுக்கு, 3,416 பிரீமியத்தைவிட 2,000 அபராதம் மலிவாகத்தானே தெரியும்?

"சலுகை கொடுத்தா நிறுத்தறேன்னு சொல்லிட்டு ஓட்டுவாங்க" என்பார்கள். பிரிட்டனில் 1998 முதல் "சோர்ன்" என்று ஒரு முறை இருக்கிறது. வண்டியைச் சாலையிலிருந்து எடுத்துவிட்டேன் என்று அறிவித்தால் மீதமுள்ள முழு மாதங்களின் வரி திரும்ப வரும். அப்படி அறிவித்துவிட்டு ஓட்டி மாட்டினால் 2,500 பவுண்ட் வரை அபராதம். ஜெர்மனியில் 1997 முதல் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை ஓடும் என்று நம்பர் பிளேட்டிலேயே அச்சடிக்கிறார்கள். நம்மிடம் வாஹன் கணினித் தளம் இருக்கிறது, நம்பரைத் தட்டினால் இன்சூரன்ஸ் தேதி வருகிறது. "நிறுத்தப்பட்ட வண்டி" என்று ஒரு வரி சேர்க்க முடியாதா? அதுவும் சாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய இந்தத் தீவில்!

அதுவரை நாம் செய்யக்கூடியது இதுதான்:

1. கப்பல் டிக்கெட் எடுத்த கையோடு, நிறுத்தும் தேதிகளைக் குறிப்பிட்டு ஐஎம்டி 11 வேண்டும் என்று கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

2. ஒத்துக்கொண்டால் வண்டியைப் பூட்டிய காம்பவுண்டுக்குள் நிறுத்துங்கள். தெருவோரம் நிறுத்துவது கணக்கில் வராது.

3. பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். சாவி உங்களோடு கப்பல் ஏறட்டும்.

4. கம்பெனி மறுத்தால், "ஓட்டுவதற்கேற்ற கட்டணம்" பாலிசியைக் கேளுங்கள். 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ அனுமதித்தது. சொந்தச் சேதப் பகுதியில் மட்டும்தான் குறையும், ஆனால் கிலோமீட்டர் குறைவாக ஓட்டும் நமக்குப் பொருந்தும்.

5. எதுவுமே கிடைக்கவில்லை என்றால் முழுப் பிரீமியத்தையும் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். கட்டாமல் விட்டுவிட்டு நியாயம் பேச நமக்கு வாய் கிடையாது.