ஏழை மாணாக்கருக்கும் உரிய கல்வி

அமெரிக்காவில், உயர்நிலைப் பள்ளியில் வாசிக்கும் மாணாக்கன் ஒருவன் அங்கிருந்தபடியே கல்லூரித் தரமுள்ள பாடங்களைப் பயின்று, அதற்குரிய பரீட்சையில் நன்கு தேறினால், பின்னர் அவன் சேரும் சர்வகலாசாலைகள் பலவும் அப்பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை என்று விலக்களிக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக நடந்து வருகிறது. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என வழங்கும் இத்திட்டம், 1950-களின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற சர்வகலாசாலைகளும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பிரசித்தமான தனியார் பள்ளிகள் சிலவும் கலந்தாலோசித்ததில் கருக்கொண்டு, காலேஜ் போர்டு என்னும் ஸ்தாபனத்தின் பொறுப்பில் 1956-ல் முதற் பரீட்சைகளைக் கண்டது.

தோன்றிய இடம் அதுவாயினும், அத்திட்டத்தின் மெய்யான பெருமை வெளிப்பட்டது கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில், மெக்சிகோ வம்சாவளியைச் சேர்ந்த உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகள் வாசித்த கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். பொலிவியாவிலிருந்து குடியேறி, உணவு விடுதியில் ஊழியம் செய்தும் ஆங்கிலம் கற்றும் மீண்டும் உபாத்தியாயர் தொழிலுக்கு வந்து சேர்ந்த ஹைமே எஸ்கலாந்தே அங்கே நுண்கணிதம் போதித்தார். 1982-ல் அவருடைய மாணாக்கர் 18 பேர் பரீட்சை எழுதி, 18 பேரும் தேறினர். விடைகளில் ஒரே மாதிரியான பிழைகள் தென்பட்டன என்று பரீட்சையை நடத்தியவர்கள் 14 பேர்மீது ஐயங்கொள்ள, அவர்களுள் 12 பேர் மறுபடியும் எழுதி, அந்தப் பன்னிருவரும் தேறிக் காட்டினர். எத்தகைய மன உறுதி அது!

இவ்வெற்றியை ஒரு வருஷத்துப் பிரயாசையின் பலன் என்று எண்ணிவிடலாகாது. கீழ் வகுப்புகளிலிருந்தே இயற்கணிதத்தையும் திரிகோணமிதியையும் பழுதறக் கற்பித்து, கோடை விடுமுறையிலும் வகுப்பு நடத்தி, ஆண்டுக்கணக்கில் அஸ்திவாரம் இட்ட பின்னரே நுண்கணிதம் அங்கே சாத்தியமாயிற்று. அந்த முன்னேற்பாடு இல்லாத பள்ளியில் கல்லூரிப் பாடத்தின் பெயரை மட்டும் கொண்டு வந்து நுழைப்பது, பிள்ளைகளுக்குத் தோல்வியை முன்கூட்டியே விதித்து வைப்பதாகும்.

உயர்நிலைப் பள்ளியில் வாசிக்கும்போதே மாணாக்கர் நேரே கல்லூரிக்கே சென்று படிக்கும் முறையும் உண்டு. மின்னசோட்டா மாநிலம் இதற்கு 1985-ல் சட்டம் செய்தது. வாஷிங்டன் மாநிலம் 1990-ல் 'ரன்னிங் ஸ்டார்ட்' என்ற பெயரில் அவ்வழியே வந்தது. மின்னசோட்டாவில் போதனைக் கட்டணத்தோடு பாடநூல்களின் செலவையும் அரசாங்கம் ஏற்க, வாஷிங்டனிலோ, ஏழைகளுக்குச் சலுகைகள் சில இருப்பினும், புஸ்தகமும் போக்குவரத்தும் பொதுவாக மாணாக்கர் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. சொந்த வாகனம் இல்லாத வீட்டுப் பிள்ளை, கல்லூரி தொலைவில் இருந்தால், இலவசமாய்க் கிடைக்கும் அக்கல்வியை எவ்வாறு சென்றடைவான்? வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளை சர்வகலாசாலைச் செலவில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கவும், அந்த மிச்சம் எவனுக்கு இன்றியமையாததோ அவன் ஒதுங்கி நிற்கவும் நேரும் ஏற்பாட்டை நியாயமானதென்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நூற்செலவையும் பிரயாணச் செலவையும் போதனைக் கட்டணத்தைப் போலவே எல்லா மாநில அரசுகளும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்.