பழைய கெப்: எதைத் திருத்துவது, எதை விடுவது?



கெப் வாகனத்தின் பழுதைப் பற்றிப் பெண்கள் வாசிக்கும் பக்கத்தில் எழுத வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுங்கள். கராஜிலிருந்து கணவர் கொண்டுவரும் துண்டிலுள்ள தொகையைக் கட்டுவதற்குக் கடைசியில் அலுமாரியைத் திறப்பது யார்? சீட்டுக் காசை எடுத்துக் கொடுப்பது யார்? அடகுக்குப் போகும் காப்பு யாருடைய கையிலிருந்தது? அதே கெப்பின் முன் ஆசனத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்கும் கல்யாண வீட்டுக்கும் போவது யார்? நீங்கள்தான். ஆகவே இது உங்கள் விடயமுமாகும்.

நெல், மீன், மரக்கறி, புடைவை என்று ஏற்றி இறக்கிப் பிழைக்கும் எத்தனையோ குடும்பங்களின் உழைப்பு ஒரு பழைய டீசல் கெப்பின் மீதே தங்கியிருக்கிறது. இருபது முப்பது வருடப் பழைமை. மூன்று நான்கு இலட்சம் கிலோமீற்றர் ஓட்டம். "விற்றுவிட்டு வேறொன்று வாங்குவோம்" என்று சொல்வது இலகு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, பொதுமக்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் திறந்தது. அதுவும் கடும் வரிகளோடு. பழைய வாகனத்தின் விலையும் ஏறித்தான் நிற்கிறது. எனவே இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே பலருக்குள்ள வழி. ஆனால் எதைத் திருத்துவது?

ஒரு கராஜ் துண்டை மனதில் வைத்துக்கொள்வோம். அதில் பத்து விடயங்கள் எழுதப்பட்டிருக்கின்றன: எஞ்சின் ஓவர்ஹோல், டைமிங் பெல்ட், பின் பிரேக் லைனிங், முன் சில்லின் போல் ஜொயின்ட், ரேடியேட்டர் ஹோஸ், செல்ப் மோட்டார், சொக் அப்சோபர், ஏசி, கதவு டின்கரிங், பெயின்ட். பத்துக்கும் காசு கையில் இல்லை. இப்படியான நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சிலர் சத்தம் போடுவதைத் திருத்துகிறார்கள். சிலர் பெருநாள் வருகிறதே, நாலு பேர் பார்ப்பார்களே என்று பெயின்ட் அடிக்கிறார்கள். இன்னும் சிலர் துண்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வாகனம் தானாக நடுவீதியில் நிற்கும் வரை ஓட்டுகிறார்கள். மூன்றுமே பிழையான வழிகள்.

சரியான வழி ஒரேயொரு கேள்வியில் இருக்கிறது. துண்டிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் நேரே இதைக் கேளுங்கள்: "இதை ஆறு மாதம் இப்படியே விட்டால் எது கெடும்?" வரும் பதில் நான்கில் ஒன்றாக இருக்கும். உயிர் கெடும், பெரிய பாகம் கெடும், ஒரு நாள் உழைப்புக் கெடும், ஒன்றும் கெடாது. இந்த வரிசைப்படியே காசைச் செலவிட வேண்டும்.

முதலாவது, உயிர். வாகனத்தை நிறுத்துவதும் திருப்புவதும் தரையைப் பிடித்திருப்பதும் இதில் அடங்கும்: பிரேக், ஸ்டியரிங், போல் ஜொயின்ட், டயர். எஞ்சின் நின்றால் வாகனம் ஓரத்தில் நிற்கும். போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு மடிந்து விழும். அப்போது வாகனம் எங்கே போகுமென்று எவராலும் சொல்ல முடியாது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அது பழையதாகிவிட்டால், பாரம் ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவையிலோ மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவிலோ இறங்கும்போது சூட்டில் கொதித்து, மிதி வெறுமையாக அடிவரை போய்விடும். எனவே ஒயில் குறையவில்லை என்பது மட்டும் போதாது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதை மாற்றிவிடுவது நல்லது.

இதை வீட்டு முற்றத்திலேயே பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மிதி மெதுவாகக் கீழே இறங்கினால் உடனே கராஜுக்குப் போக வேண்டும். பின் சில்லின் உட்புறம் ஈரமாக இருந்தால் ஒயில் லைனிங்கை நனைக்கிறது என்று சந்தேகியுங்கள். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களையும் வாசியுங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் இறப்பர் கிழடாகி வெடித்திருந்தால் அந்த டயர் பாரத்துக்கு உதவாது. பள்ளத்தினுள்ளே குறுக்காக உள்ள சிறு மேடுகள் டயரின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீற்றர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம்.

"இவ்வளவு நாளும் ஓடினோமே, ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்கள் உண்டு. பிரேக்கைப் பார்க்காமல் விடுவதற்குப் பெயர் தவக்குல் அல்ல, சகோதரிகளே! பார்க்க வேண்டியதைப் பார்த்த பின்னரே பொறுப்பை அல்லாஹ்விடம் விடவேண்டும்.

இரண்டாவது, பெரிய பாகம். சிறிய சாமான் ஒன்று கெட்டு, அதைப்போல் பல மடங்கு பெறுமதியான சாமானைக் கெடுப்பது இந்த வகை. இதற்கு நல்ல உதாரணம் டைமிங் பெல்ட். பழைய டீசல் கெப்கள் பலவற்றில் இது இறப்பர் பெல்ட். சிலவற்றில் சங்கிலி அல்லது பற்சக்கரம். உங்களுடையதில் எது என்று கேட்டு வையுங்கள். பழைய டொயோட்டா டீசல்களில் பொதுவாக ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு தடவை பெல்ட்டை மாற்ற வேண்டும். அந்த நேரம் வந்ததும் ஓட்டுநருக்கு முன்னால் "டீ பெல்ட்" என்ற விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்துவிடவும் முடியும். ஆகவே விளக்கை நம்பாதீர்கள். எழுதி வைத்த கணக்கை நம்புங்கள். ஓடும்போது அந்தப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி, எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். அதை மாற்றும்போது கூடவேயுள்ள டென்ஷனர் பெயாரிங்கையும் ஒயில் சீலையும் மாற்றிவிடுங்கள். பிரித்துப் பூட்டும் கூலி ஒன்றுதான்.

ரேடியேட்டர் ஹோஸும் இந்த வகையே. அது வெடித்துத் தண்ணீர் வெளியேறியதைக் கவனியாமல் சில மைல் ஓடினால் எஞ்சின் ஹெட் சூடேறி வளைந்துவிடும். முன்னாலுள்ள சிறிய பேன் பெல்ட்டையும் அற்பமாக எண்ண வேண்டாம். பல டீசல் கெப்களில் பிரேக்குக்கு வலுக் கொடுக்கும் வெக்கும் பம்ப் ஒல்டநேட்டரின் பின்னாலேயே பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் பெல்ட் அறுந்தால் பெட்டரி சார்ஜ் ஆகாது என்பது மட்டுமல்ல, பிரேக் மிதியும் கல்லாகிவிடும்.

மூன்றாவது, ஒரு நாள் உழைப்பு. செல்ப் மோட்டார், பெட்டரி, தேய்ந்த கிளச் போன்றவை. இவை கெட்டால் வாகனம் நிற்கும். மீன் ஏற்றுபவருக்கு ஐஸ் உருகும், சந்தை போய்விடும். நட்டம்தான், எனினும் ஆபத்துக் குறைவு. இவற்றுக்கு மாதம் மாதம் சிறுதொகை ஒதுக்கி, ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம். சொக் அப்சோபரை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒயில் கசிந்து, மேடு பள்ளத்தில் வாகனம் துள்ளிக்கொண்டே போனால் அது முதல் வகைக்கு ஏறிவிடும்.

நான்காவது, ஒன்றும் கெடாதவை. ஏசி, கதவின் நெளிவு, பெயின்ட், ஆசன உறை. இவை ஆசைகள். ஆசை ஹராமல்ல, ஆனால் லைனிங் தேய்ந்திருக்கும்போது பெயின்ட் அடிப்பது வீண்விரயமாகும்.

இப்போது துண்டின் முதல் வரிக்கு வருவோம்: எஞ்சின் ஓவர்ஹோல். செலவில் மிகப் பெரியது இதுவே. அளந்து பார்க்காமல் செய்யப்படுவதும் இதுவே. புகை வந்தால் எஞ்சின் முடிந்துவிட்டது என்று அர்த்தமல்ல. கரும்புகை பெரும்பாலும் காற்று வடி அடைபட்டதாலோ இன்ஜெக்டர் சரியில்லாததாலோ வருவது. நீலப்புகை ஒயில் எரிவதன் அடையாளம். எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் தண்ணீர் எஞ்சினுள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். எனவே ஓவர்ஹோலுக்குச் சம்மதிக்கும் முன் இரண்டு கணக்குகளைக் கேளுங்கள். ஆயிரம் கிலோமீற்றருக்கு எவ்வளவு ஒயில் ஊற்றுகிறோம்? கம்பிரஷன் சோதனையில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் என்ன இலக்கம் வந்தது? பழைய எஞ்சின் ஒன்று ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் குடித்தாலும், இழுவை குறையாமலும் ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்தும் வந்தால், ஒயில் ஊற்றி ஓட்டுவதே இலாபம்.

வீட்டிலிருந்தபடியே நீங்கள் செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, கார்ட்போர்ட் மட்டை. இரவில் கெப்பின் கீழே விரித்து வைத்து, காலையில் பாருங்கள். கறுப்புத் துளி எஞ்சின் ஒயில். பச்சை அல்லது சிவப்பாகத் தண்ணீர்போல் இருந்தால் ரேடியேட்டர்த் தண்ணீராக இருக்கலாம். தடித்து நாறினால் கியர் ஒயில். சில்லின் அருகே மெல்லிய ஒயில் என்றால் பிரேக். துளி இல்லாமல் தூசி படிந்த ஈரம் மட்டும் இருந்தால் அவசரமில்லை. மற்றது, ஒரு கொப்பி. திகதி, கிலோமீற்றர், என்ன மாற்றப்பட்டது, எவ்வளவு செலவு என்று எழுதுங்கள். அடகுத் துண்டைப் பத்திரப்படுத்தும் உங்களுக்கு இது பெரிய வேலையல்ல.

சாமான் வாங்குவதிலும் ஒரு வேறுபாடு அறிந்திருங்கள். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் தாராளமாகக் கிடைக்கும். கதவு, கண்ணாடி, லாம்பு, ஒல்டநேட்டர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக் லைனிங், பெல்ட், ஹோஸ், போல் ஜொயின்ட் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். கழற்றிய பழைய சாமானை வீட்டுக்குத் தரும்படி பாஸிடம் மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான பாஸ் இதற்குக் கோபிக்க மாட்டார். அவருடைய கூலியையும் இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

எப்போது கைவிடுவது? சேசியைப் பார்த்து முடிவெடுங்கள். எஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம். சேசி உக்கிப்போனால் போடும் காசெல்லாம் மண்ணில் போட்டதே. விசேடமாக மீன் ஏற்றும் கெப்களில் உப்பும் ஐஸ் தண்ணீரும் வடிந்து சேசியை உள்ளிருந்தே அரிக்கும். சிறு சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டு, செதிள் உதிர்ந்தால் வேறெந்தச் செலவும் செய்யும் முன் அதைச் சரியாகப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள். தினமும் ஏற்றி முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுவது காசில்லாத வைத்தியம்.

இனி அந்தப் பத்து வரிகளையும் மறுபடி பாருங்கள். பிரேக் லைனிங், போல் ஜொயின்ட், டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் ஆகிய நான்கும் இந்த மாதமே. செல்ப் மோட்டாரும் சொக் அப்சோபரும் பார்த்து, சேர்த்துச் செய்வது. ஓவர்ஹோல் அளந்த பிறகு. ஏசியும் டின்கரிங்கும் பெயின்டும் காத்திருக்கட்டும். பயமுறுத்திய துண்டு பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டதல்லவா?

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், "ஏன் இவ்வளவு செலவு?" என்று கணவரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். ஒரு கொப்பியை விரித்து வைத்துவிட்டு, "இதை விட்டால் எது கெடும்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டுமென்றால், அது பிரேக்குக்காக இருக்கட்டும்.