போனஸ் வந்ததும் ஃபோர்க் மாத்தணுமா?

சிவகாசி, விருதுநகர்ல வேலை, வாரக்கடைசியில டவுன்ஹில் சைக்கிளோட மலைன்னு இருக்கீங்களா? தீபாவளி போனஸ் வந்ததும் கை நேரா புது ஃபோர்க் பக்கம்தான் போகும். என் கருத்து, முதல்ல பழசைக் கழட்டிப் பாருங்க.

சீல்ல ஆயில் கசியுது, அமுங்கினா சரியா எழும்பலைன்னா, அது பெரும்பாலும் சர்வீஸ் வேலைதான். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கீழ்க்கால் சர்வீஸ்னு ராக்‌ஷாக்ஸ் கம்பெனியே சொல்லுது. நாம எங்க செய்யறோம்! ஆனா கிரவுன்ல விரிசல், குழாய்ல ஆழமான கீறல்னா யோசிக்காம மாத்துங்க. அங்க மிச்சம் பிடிக்கிற காசு ஆஸ்பத்திரி பில்லுக்குத்தான் போகும்.

மாத்தறதுன்னு முடிவானா, பாக்ஸரோட 200 மி.மீ., ஃபாக்ஸ் 40-ஓட 203 மி.மீ. வித்தியாசத்துக்கு மண்டையைக் குழப்பிக்காதீங்க. உங்க ஹப்பைப் பாருங்க. பழைய 110-ம் பூஸ்ட் 110-ம் எண்ணுல ஒண்ணு, ஹப் வேற. பொருந்தலைன்னா ஹப், ஸ்போக், ரிம்னு செலவு சரவெடி மாதிரி தொடரும்.

சைக்கிள் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5% தான், முன்னாடி 12%. வெளிநாட்டுல ஆர்டர் போட்டா சுங்க வரி பொருள் விலையோட ஷிப்பிங், இன்சூரன்ஸும் சேர்த்துக் கணக்காகும், அதுக்கு மேல ஜிஎஸ்டி. கார்டுல 'நோ காஸ்ட்' இஎம்ஐ போட்டாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, பிராசஸிங் ஃபீஸ் தனி.

செகண்ட் ஹேண்ட் எனக்கு ஓகே. வாங்கறதுக்கு முன்னாடி ஸ்டீயரர் குழாய் நீளத்தை அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்க. வெட்டினது திரும்ப வளராது.